துணைக்கு வந்தவர்

எங்கள் பேக்கரி ரொட்டி நன்றாகவே இருக்கும், அன்றைக்குச் சுட்டதாக இருந்தால். முந்தின நாள் ரொட்டியை மறுபடி அடுப்பில் காட்டிச் சூடாக விற்பது ஊர் உலகத்தில் நடக்காததா என்ன. அண்ணனுக்கு மட்டும் அது பிடிபடவே இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் சிரித்த முகமாக, "இது நேத்து சுட்டதுங்க, நாளைக்கு வாங்க" என்பார். கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் என்னை வளர்த்து ஆளாக்கியவர். கடைக்கு வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால், "தூக்கமே வரமாட்டேங்குது அண்ணே, மனநல ஆஸ்பத்திரிக்குப் போகணும். துணைக்கு வாங்க" என்றேன். பதறிப்போய் உடனே கிளம்பினார். என் துணிப்பையையும் அவரே தூக்கிக்கொண்டார். அதற்குள் இருந்தவை அவருடைய துணிகள்.

அங்கே துணைக்கு வந்தவரிடம் முதலில் தனியாக விசாரித்துவிட்டுத்தான் நோயாளியைக் கூப்பிடுவார்கள். அண்ணனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே போனேன். கடைக்கு வருகிறவர்களிடம் ரொட்டியில் விஷம் கலந்திருப்பதாகச் சொல்கிறார் என்று டாக்டரிடம் சொன்னேன். "உள்ள வந்ததும் பாருங்க. தனக்கு ஒண்ணுமில்ல, தம்பிக்குத்தான் வியாதின்னு சொல்வார்."

அண்ணன் வந்தார். "டாக்டர், தம்பி ராத்திரியெல்லாம் தூங்குறதில்ல. கொஞ்சம் நல்லாப் பாத்துக்குங்க" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட்டேன். பேனாவை மறக்காமல் திருப்பிக் கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

சில மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். அண்ணன் பாதியாக இளைத்திருந்தார். நர்ஸ் தள்ளிப்போகும்வரை காத்திருந்து, என் காதருகே குனிந்தார்.

"நான்தான் நோயாளின்னு ஒத்துக்கிட்டேன்டா. இனிமே உன்னப் பிடிச்சு வைக்க மாட்டாங்க. பயப்படாமப் போ."

வெட்கத்தில் அவர் முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் டாக்டர் நின்றிருந்தார். "இப்ப தன் நோயைப் புரிஞ்சுக்கிட்டார். இன்னைக்கே வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அடுத்த வாரம் வருகிறேன் என்று சொன்னேன். கடையைப் போட்டுவிட்டு நினைத்தபோதெல்லாம் வர முடியாதில்லையா.

அது போன வருஷம்.