மருந்து ஏத்தியாச்சு

சாத்தூரில் கிளம்பிய பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "எம் மகனை உள்ள தள்ளுனதும் மருந்துதான், வெளிய கொண்டாந்ததும் மருந்துதான்."

"என்னக்கா சொல்றீக?"

"அவன் ஓட்டுன லாரியில எவனோ கஞ்சாவ ஒளிச்சு வச்சுட்டான். இவன் முதலாளிக்குப் போன் போட்டு 'மருந்து ஏத்தியாச்சு'ன்னு சொல்லிருக்கான். அதப் பிடிச்சுக்கிட்டு, தெரிஞ்சேதான் கடத்துனான்னு கேஸு போட்டுட்டாக."

"அடப்பாவமே!"

"நம்ம வக்கீலம்மா, லோடு ஏத்திவிட்ட தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனி போர்மேனைச் சாட்சிக்குக் கூப்பிட்டாக. 'எங்க ஊருல மருந்துன்னா வெடிக்குப் போடுறதுதாங்கய்யா, அன்னைக்கு லோடும் அதுதான்'னாரு. விடுதலை ஆயிருச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்."

"தம்பி இப்ப எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். நேத்து எனக்கு இருமல் மருந்து வாங்கப் போனவன், அந்த வார்த்தையச் சொல்லாம கடைக்காரர் முன்னால இருமிக் காட்டிருக்கான்."