பன்னிரண்டாவது இடுப்பு

மும்பையில் இடுப்பு வலி இல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. கல்யாணிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வருகிறவனுக்கும் உண்டு, மாட்டுங்காவில் நாள் முழுக்க நாற்காலியில் சாய்ந்திருக்கிறவனுக்கும் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இயக்குகிறேன். அதற்குள் வந்து படுக்கிற ஒவ்வொருவரும் தங்கள் வலியைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். பாதிப் பேருக்குப் படத்தில் ஒன்றும் இருக்காது.

இதைச் சொல்வதற்குக் காரணம், எங்கள் ஆய்வே இதைப் பற்றியதுதான். உடம்பின் காவல்படை புத்தி கெட்டு, இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டைத் தாக்குகிற அழற்சி நோய் ஒன்று இருக்கிறது. வாலிப வயதில் வரும். காலையில் இடுப்பு விறைத்துக் கிடக்கும், நடமாடினால் இளகும். கவனிக்காமல் விட்டால் வருஷக்கணக்கில் முதுகெலும்பே ஒட்டிப்போகும். அழற்சியை மூட்டிவிடும் ஒரு புரதத்தை அடக்க ஊசி மருந்து உண்டு. மருந்து வேலை செய்கிறதா என்பதை, நோயாளியின் வாயைக் கேட்காமல் படத்தைக் கொண்டே அளக்க முடியுமா? செம்பூரில் எங்கள் ஸ்கேன் சென்டரை நடத்தும் டாக்டர் வந்தனா எடுத்துக்கொண்ட கேள்வி இது. டாக்டர்கள் கேட்டு நான் மதித்த ஒரே கேள்வி.

என் பெயர் அனந்தநாராயணன். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. இதுவரை ஒன்பது ஆய்வுக் கட்டுரைகளுக்குப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்பதிலும் என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், பொடி எழுத்தில் இருக்கும். இந்தக் கட்டுரையில் மூன்றாவது ஆசிரியராகப் போடுவதாக வந்தனா வாக்குக் கொடுத்தார். என் படங்களுக்காகக் கொடுத்த வாக்கு இல்லை அது, என் தமிழுக்காக. நோயாளியின் தாய்மொழியில்தான் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது விதி. தாராவியிலிருந்து வருகிறவர்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நான் வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வந்தனா மராட்டிக்காரர். நான் எழுதியதுதான் அவருக்கு உண்மை. நோயாளியை முதல் நாள் ஒருமுறை பார்ப்பார், அப்புறம் கம்ப்யூட்டரில் இடுப்பை மட்டும் பார்ப்பார்.

பன்னிரண்டு பேர் தேவை. மார்ச் கடைசியில் பதினொரு பேர் இருந்தார்கள், சேர்க்கை முடிய நான்கு நாள் இருந்தது. அப்போது அப்துல் ரவூப் வந்தார். முப்பத்துமூன்று வயது, தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை. தோல் வாங்கவும் பேரம் பேசவும் ஹிந்தி நன்றாக வரும். உடம்பைப் பற்றிப் பேசத் திருநெல்வேலித் தமிழ்தான்.

அவருடைய முதல் படத்தை நீங்கள் பார்க்க வேண்டும். மற்ற பதினொரு பேரின் மூட்டுகளும் சலவைக்குப் போட்ட துணி மாதிரி மங்கல். ரவூப்பின் மூட்டில் இரண்டு பக்கமும் அழற்சி வெள்ளை வெளேரென்று எரிந்தது. மருந்தால் அது அணைவதைக் காட்டினால் போதும், எந்தப் பத்திரிகையும் மறுக்க முடியாது. அன்று மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினான்காவது கேள்வியை வாசித்தேன்.

"வீட்ல யாருக்காவது டி.பி. இருந்துதா, பாய்?"

"ஆமா சார். என் மச்சினன் சிராஜுக்கு இருந்துச்சு. ஆறு மாசம் மாத்திர தின்னான். ஒரே ரூம்லா, எங்க கூடத்தான் படுத்துக் கெடந்தான். இப்பம் நல்லாயிட்டான். நாங்க எதுவும் செய்யணுமா சார்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றேன். 'இல்லை' என்று எழுதினேன்.

அதன் பொருள் தெரியாமல் எழுதவில்லை. மருந்து அடக்குகிற அதே புரதம்தான், தூங்குகிற காசநோய்க் கிருமியைச் சுற்றி உடம்பு கட்டி வைத்திருக்கும் சுவரையும் தாங்குகிறது. புரதத்தை அடக்கினால் சுவர் இடிந்துவிடலாம். ஆய்வுத் திட்டத்தின் பத்தாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை முழுசாக வாசித்தவன் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ரவூப்பின் நெஞ்சுப் படம் சுத்தம், டி.பி.க்கான ரத்தப் பரிசோதனை இரண்டுங்கெட்டான். அப்படி வந்தவருக்கு வீட்டில் டி.பி. இருந்ததென்றால், ஒரு மாதம் தடுப்பு மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் ஊசியைத் தொடங்க வேண்டும். ஒரு மாதத்தில் சேர்க்கை மூடியிருக்கும். அவருக்கு இலவச ஊசி கிடைத்திருக்காது. அவர் நன்மையையும் நான் யோசித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாவது வாரப் படத்தில் வெள்ளை பாதியாகியிருந்தது. ரவூப் என் அறையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்து காட்டினார். "மக சாயிமாவத் தூக்கிக்கிட்டு ரெண்டு மாடி ஏறிட்டேன் சார்" என்றார். எனக்காகத் தைத்த ஒரு தோல் பையைக் கொடுத்தார். தையல் நேராக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்டில் போன் வர ஆரம்பித்தது. "சாயங்காலம் ஆனா காச்சல் அடிக்கி சார். ராத்திரி வேர்த்து தலையாணி நனைஞ்சுருது."

"மழைக்காலம் பாய். தாராவில யாருக்குத்தான் காய்ச்சல் இல்ல? க்ரோசின் போட்டுக்கோங்கோ."

நான்கு முறை அழைத்தார், நான்கு முறையும் இதையே சொன்னேன். படிவத்தில் 'புகார் இல்லை' என்று எழுதினேன். ஊசிக்கு வந்தபோது அவர் எடை அறுபத்தொரு கிலோவிலிருந்து ஐம்பத்துமூன்றுக்கு வந்திருந்தது. முந்தைய தாளில் இருந்த அறுபத்தொன்றையே போட்டேன். எடை எங்கள் ஆய்வின் கேள்வி இல்லை. இந்தச் சின்ன விஷயங்களையெல்லாம் உண்மையென்று எடுத்துக்கொண்டால் எந்த விஞ்ஞானமும் நடக்காது. எத்திக்ஸ் கமிட்டி நடக்கும், சமோசாவோடு.

இருபத்துநான்காவது வாரப் படத்துக்கு அவரை மனைவி பீவி டாக்ஸியில் கொண்டுவந்தார். ரவூப்புக்கு வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கழுத்தை வளைக்க முடியவில்லை.

"நாலு நாளா தலவலின்னு கத்துதாக சார்" என்றார் பீவி. "நேத்து என்னயப் பெத்த தாயின்னு நெனச்சு உம்மான்னு கூப்பிட்டாக. மொதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருதோம். படம் பொறவு எடுக்கலாம்."

"நாப்பது நிமிஷம்தாம்மா. இந்தப் படத்தப் பாத்தாத்தான் ஆஸ்பத்திரில என்னன்னு சொல்லுவா."

அது சரியான தகவல் இல்லை. இடுப்பைப் படம் பிடித்து மூளையைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மாள் நம்பினார். படித்தவன் சொன்னால் நம்புகிற ஜனங்கள், அது என் குற்றம் இல்லை.

இயந்திரத்துக்குள் போனால் எல்லாரும் நெளிவார்கள். இருமுவார்கள், காலைச் சொறிவார்கள், ஒரே வரிசைப் படங்களை மூன்று தடவை எடுக்க வைப்பார்கள். ரவூப் அசையவே இல்லை. ஒரு வரிசையைக்கூட மறுபடி எடுக்க வேண்டியிருக்கவில்லை. பயந்தால் அழுத்தி என்னைக் கூப்பிடுவதற்காகக் கையில் கொடுத்திருந்த ரப்பர் உருண்டை கையை விட்டு நழுவி இடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. கண்ணாடி வழியே அதைப் பார்த்தேன். இன்னும் பதினொரு நிமிஷம் பாக்கி இருந்தது. முடிக்கவிட்டேன்.

வெள்ளை முழுக்கப் போயிருந்தது. எங்கள் ஆய்வில் அதைவிடச் சுத்தமான படம் கிடையாது. வந்தனா அதைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

ஒன்பதாம் நாள் ரவூப் இறந்தார். காசநோய் மூளை உறையில் பரவியிருந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். மூட்டில் மட்டும் துளி அழற்சி இல்லை.

இறப்பைப் பற்றி விசாரிக்க ஒரு கூட்டம் போட்டார்கள், பேசியதை முழுக்க ஒலிப்பதிவு செய்தார்கள். பீவிக்கு ஹிந்தியும் வராது, ஆங்கிலமும் வராது. மொழிபெயர்க்க என்னையே உட்காரவைத்தார்கள். பார்த்தீர்களா, கூட்டத்தில் ஏழு பேர், ஏழு பேரும் டாக்டர்கள், ஒருவருக்குக்கூட அது விசித்திரமாகப் படவில்லை. வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்று கேட்டார்கள். பீவி என்னைப் பார்த்துச் சொன்னார்: "எந்தம்பி சிராஜுக்கு இருந்துச்சுன்னு இவுககிட்ட சொல்லத்தானே செஞ்சாக. காச்சல்னு போன்லயும் சொன்னாக. இவுக ஒண்ணும் இல்லன்னாக."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "தன் தம்பிக்கு இருந்ததைக் கணவர் மறைத்துவிட்டார் என்கிறார். எங்கள்மேல் குறை எதுவும் இல்லை என்கிறார்."

பீவி தலையை ஆட்டினார், அவர் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன் என்று நினைத்து. மருந்துக்கும் ஆய்வுக்கும் சம்பந்தமில்லாத மரணம், நோயாளி தகவலை மறைத்தார் என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஒலிப்பதிவைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் போலத் தமிழ் தெரிந்த ஒருவர் எத்திக்ஸ் கமிட்டிக்கு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தது நல்லதுதான். அரைகுறை ஆட்களிடம் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

எனவே எழுதிக்கொள்ளுங்கள். 'இல்லை' என்று எழுதியது நான். காய்ச்சலை மறைத்தது நான். ஆஸ்பத்திரிக்குப் போகவிருந்தவரை இயந்திரத்துக்குள் படுக்கவைத்தது நான். செத்த மனிதர் மீதே பழியைப் போட்டதும் நான். கட்டுரை அச்சுக்குப் போகும்போது என் பெயரை எடுத்துவிடலாம், அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆட்சேபம் இல்லை. அந்தப் படத்தை மட்டும் எடுக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரவூப்பிடமாவது அந்த டி.பி. கேள்வியை வாசித்தேன். மற்ற பதினொரு பேரிடம் வாசிக்கவில்லை. எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று முன்னாலேயே நிரப்பி வைத்திருந்தேன், நேரம் மிச்சம். அவர்களில் வெயிலுமுத்து என்று ஒரு தச்சர். போன வாரம் போன் பண்ணினார், சாயங்காலம் ஆனால் காய்ச்சல் என்று. அவருக்குக் கடைசி ஊசியும் நாற்பத்தெட்டாவது வாரப் படமும் வியாழக்கிழமை. இன்றைக்குச் செவ்வாய். இரண்டு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. படம் முடிந்ததும் நானே அவரைக் கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப்போவதாக இருக்கிறேன். எனக்கும் இரக்கம் உண்டு.