பாப்பா வந்தாச்சு

டிவியைச் சுவரில் எந்த உயரத்தில் மாட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கல்யாணப் படம் மாட்டுகிற உயரத்தில் மாட்டிவிட்டு, அப்புறம் கழுத்து வலிக்கிறது என்பார்கள். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் கண் எங்கே போய் நிற்கிறதோ, திரையின் நடுப்பகுதி அங்கே வர வேண்டும். என் மாமனார் வீட்டுக் கூடத்தில் நான் அப்படித்தான் மாட்டிக் கொடுத்தேன். பக்கத்திலேயே ஒரு சின்ன பாக்ஸும் வைத்தேன். வைஃபையில் இணைத்தால் அதில் படம், பாட்டு எல்லாம் வரும். நான் மாமாவுக்கென்று தனியாக ஒரு சேனலும் போட்டுக் கொடுத்தேன். அந்த வீட்டைத் தவிர வேறு எங்கும் அது தெரியாது. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அதில் அவருடைய மகளின் வீடியோ வரும்.

நீங்கள் கேட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன். எழுதுகிறவருக்கு வேகம் அதிகமாக இருந்தால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்கிறேன்.

நான் வீடியோ எடிட்டர். என் மனைவி கணக்கு டீச்சர். ஒரு டியூஷன் கம்பெனிக்காக அவள் கேமராவைப் பார்த்துப் பாடம் நடத்துவாள், நான் பதிவு செய்து வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். வீட்டின் பின்னறையில் சுவரெல்லாம் தடித்த ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தேன். வெளிச் சத்தம் உள்ளே வராது, உள்சத்தம் வெளியே போகாது. ஆறு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பாடங்கள். பத்து நிமிடப் பாடத்துக்கு ஒரு மணி நேரம் பதிவாகும். மீதியெல்லாம் கழிவு. தண்ணீர் குடிப்பாள், தும்முவாள், தப்பாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடிப்பாள், லைட்டைத் தள்ளிவை என்று என்னை விரட்டுவாள். நான் எந்தத் துண்டையும் அழித்ததில்லை. தொழில் பழக்கம்.

பிறகு அவளுக்கு வெளிநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. மாமா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அவள் தனியாகப் போகிறாள், என்னிடம் திரும்பி வரப்போவதில்லை என்பதை மட்டும் அவள் என்னிடம்தான் சொன்னாள், அந்தப் பின்னறையில் வைத்து. நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டேன். நான் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. எங்கள் ஆபீஸில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

அவள் போகவில்லை. வரவில்லை என்று அந்தப் பள்ளிக்கு அவள் பெயரிலேயே மெயில் அனுப்பினேன்.

டிக்கெட் தேதிக்கு மறுநாள் மாமா போன் செய்தார். "பாப்பா போய்ச் சேந்துட்டாளா மாப்பிள்ளை?" என்றார். சேர்ந்துவிட்டாள் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அந்த மனிதர் இரண்டு முறை நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரி வாசலை மிதித்துவிட்டு வந்திருந்தார். அங்கே பள்ளியில் போனே தொடக்கூடாது, நேரமும் ஒத்துவராது, அதனால் பதிவு செய்து அனுப்புவாள் என்று சொல்லி, மறுவாரமே பாக்ஸை வாங்கிக்கொண்டு போனேன்.

மாமா தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நேரம் தவறினால் பொறுக்காது. பத்தரைக்கே குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிடுவார்.

"அவ அங்கேருந்து உங்களைப் பாக்க முடியாது" என்பார் அத்தை.

"அது எனக்கும் தெரியும். அதுக்காகப் பாப்பா முன்னாடி பனியனோடவா உக்காருவேன்?"

திரையில் அவள் முகம் வந்ததும் "பாப்பா வந்தாச்சு, பாப்பா வந்தாச்சு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். பார்த்து முடித்ததும் என் போனில் பதில் பேசுவார். கேள்விகள் கேட்பார். அடுத்த ஞாயிறுக்குள் நான் கழிவிலிருந்து பதில் தேட வேண்டும். சாப்பாடு சரியாக இருக்கிறதா என்றால் சுலபம். "இப்பதான் சாப்பிட்டேன், கண்ணைச் சொக்குது" என்று அவள் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். எப்போது வருவாய் என்று கேட்டபோது இரண்டு நாள் தேடினேன். பின்னப் பாடம் ஒன்றில் "இதை அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று இருந்தது. முதல் வார்த்தையை வெட்டினேன். மாமா ஒரு வாரம் அந்தத் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

ஐந்தாவது மாதம் அத்தை கண்டுபிடித்துவிட்டார். அவர் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் முப்பது வருடம் இருந்தவர். அன்றைய வீடியோவில் அவள் நீலச் சட்டை போட்டிருந்தாள். அத்தை திரையைப் பார்த்தார், பிறகு தன் மடியைப் பார்த்தார். மாமா மாத்திரை போட்டுப் படுத்த பிறகு என்னைத் தையல் மெஷின் பக்கம் கூப்பிட்டார்.

"கொஞ்சம் உக்காருங்க மாப்பிள்ளை."

மடியில் இருந்த குஷனைத் திருப்பிக் காட்டினார். அதன் பின்பக்கத்தில் அந்தச் சட்டையின் பை அப்படியே இருந்தது. பையின் ஓரத்தில் பேனா கசிந்த மைக்கறை.

"ஊருக்குக் கெளம்பறதுக்கு முந்தின வாரம் கை கிழிஞ்சிருச்சுன்னு கொண்டாந்து குடுத்தா. நான்தான் வெட்டி உறை தச்சேன். இன்னிக்கு அதையே போட்டுக்கிட்டு வந்து நிக்கிறா."

நான் எத்தனையோ ஞாயிறு அந்தக் குஷனில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். கவனிக்கவில்லை.

"அவ இருக்காளா?" என்றார்.

நான் குஷனைத் திருப்பி வைத்தேன். மெஷினில் அறுந்து தொங்கிய நூலை அவர் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"வலிச்சுதா?"

இல்லை என்றேன். அது சரியான பதிலா என்று எனக்கு இப்போதும் தெரியாது.

நூலை விரலிலிருந்து உருவிவிட்டு, "அவர் காதுல இது விழுந்தா அன்னிக்கே போயிடுவார். எனக்குன்னு மிஞ்சியிருக்கறது அவர் ஒருத்தர்தான். அவர் இருக்கற வரைக்கும் ஒரு வாரம்கூட நிக்கக் கூடாது" என்றார். எழுந்தவர் திரும்பி, "அந்த நீலச் சட்டை மட்டும் வேணாம். அவரும் பாத்துருவார்" என்றார்.

அதன் பிறகு வேலை சுத்தமாக நடந்தது என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமையே என் போனில் அத்தைக்குப் போட்டுக் காட்டுவேன். "போன வாரம் அங்க குளிருன்னா, இதுல வேர்த்து வழியுது" என்பார். "காதுத் தோடு பாதியில மாறுது" என்பார். எங்கள் ஆபீஸில் யாருக்கும் அவ்வளவு கூர்மையான கண் கிடையாது. ஞாயிறு அன்று மாமா பக்கத்தில் உட்கார்ந்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார். நாங்கள் ஒரு குடும்பமாக இருந்தோம்.

ஒரு முறை மட்டும் முன்கூட்டிக் காட்ட நேரம் கிடைக்கவில்லை. மாமாவுக்கும் அவர் தம்பிக்கும் பொதுச் சுவர் விஷயமாகத் தகராறு. "கேஸ் போடவா வேணாமான்னு பாப்பாவையே கேளுங்க. அவ சொன்னா சொன்னதுதான்" என்று விட்டார். கோர்ட்டுப் படி ஏறுகிற உடம்பா அது? அவள் "விடு" என்று சொன்னால் போதும். ஆறு வருடக் கழிவில் அந்த ஒரு வார்த்தை தனியாக எங்கும் இல்லை.

ஒரே ஒரு பதிவில் இருந்தது. பின்னறையில் அவள் அந்த முடிவைச் சொன்ன அன்றைக்கு, கடைசியாக ஒரு பாடம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்று கேட்டு, நான் கேமராவை ஓடவிட்டிருந்தேன். அவள் முடியாது என்றாள். அதற்குப் பிறகு நடந்ததும் பதிவாகியிருந்தது. அதில் ஒன்பது தடவை விடு என்கிறாள். பின்னால் வருபவை உதவாது, குரல் தெளிவில்லை. முதல் "விடு" மட்டும் நன்றாக இருந்தது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். லேசான சிரிப்புகூட அதில் இருக்கிறது. அதை எடுத்து வைத்தேன்.

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "கேட்டியா? விடுங்கறா. சரி, விட்டாச்சு." கேஸ் போடவில்லை. தம்பியோடு பேச்சுவார்த்தையும் வந்தது. அத்தை மட்டும் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

போன மாதம் மாமா போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பாப்பாவைக் காட்டு என்றார், என் போனில் காட்டினேன். திரையை விரலால் தடவிக்கொண்டே கண்ணை மூடினார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அந்த மனிதர் நிம்மதியாகப் போனார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு வந்த ஞாயிறு, அத்தைக்கென்று தனியாக ஒன்று தயார் செய்துகொண்டு போனேன். அப்பா இல்லாத வீட்டில் மகள் குரலாவது கேட்கட்டும் என்றுதான். பாக்ஸை ஆன் செய்தேன். அத்தை எழுந்து வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"போதும். இனிமே நான் யாருக்காகவும் சிரிக்க வேண்டியதில்ல" என்றார்.

சமையலறையிலிருந்து நீங்கள் வெளியே வந்தீர்கள். மற்றது உங்களுக்குத் தெரியும். அத்தை இரண்டு வருடத்துக்கு மேல் என்னோடு உட்கார்ந்து வேலை செய்தவர், ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

ஆமாம், நான்தான் செய்தேன். தலையணையால். பின்னறையில் ஜன்னல் ஓரம் தரை புதிதாகப் பூசியிருக்கும், அங்கே தோண்டுங்கள். மறுக்கப் போவதில்லை. ஆனால் காரணம் என்ற இடத்தில், மனைவி பிரிந்து போக இருந்ததால் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். கிட்டத்தட்ட மூன்று வருடம், நூற்று நாற்பத்தொரு வீடியோக்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். என்னை விட்டுப் போகிறேன் என்று அவள் ஒன்றில்கூடச் சொல்லவில்லை.