மூன்று முறை எடுத்த படம்

அவைக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய மருத்துவமனைத் தலைவர் அவர்களே! புதிய எக்ஸ்ரே கூடத்தைத் திறந்து வைத்த பெரியோர்களே! மருந்துச் சீட்டைக் கையில் இறுக்கியபடி பின்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! தையல்காரன் ஒருவனின் வணக்கம்.

"பயனடைந்த குடும்பம்" என்று என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். அந்தப் பயன் என்னவென்று சொல்லட்டுமா?

என் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நேரம் என்று பதினாறு ஆண்டுகள் ஊருக்கே உரைத்த வாய் அது. ஒரு நாள் தாடை வீங்கியது, பல் ஆடியது. இதே மருத்துவமனைக்கு வந்தோம். படம் எடுத்தார்கள். இடப்பக்கத் தாடையெலும்பு படத்தில் விழவில்லை.

எலும்பு எங்கே என்று கேட்க வேண்டாமா, ஐயா? படமெடுத்தவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அசையாம நில்லுங்கம்மா. படம் சரியா விழல."

"நான் மூச்சுகூட விடலீங்க" என்றாள் அவள்.

மறுபடி எடுத்தார், இல்லை. மூன்றாம் முறை எடுத்தார், இல்லவே இல்லை! பெரிய டாக்டர் மூன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மெஷின் மக்கர் பண்ணுது. புதுசு வரட்டும், அப்புறம் வாங்க" என்றார். மூன்று படங்களும் குப்பைக்கூடைக்குப் போயின.

சிரிக்கிறீர்களா தம்பி? சிரியுங்கள். அன்று நானும் மெஷினைத்தான் திட்டினேன், மடையன்!

பதினொரு மாதம் காத்திருந்தோம். எலும்பு காத்திருக்குமா? தாடை கரைந்தது, கன்னம் கரைந்தது, காதோரம் மண்டையோட்டையும் அரிக்கத் தொடங்கியது. பயந்துபோய் வேறு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே பயிற்சியில் இருந்த பெண் டாக்டர், படம் எதுவும் கேட்காமல் அவள் கன்னத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே அமுங்கியது.

"அக்கா, இங்க எலும்பே இல்லையே! இத்தனை நாளா யாரும் தொட்டுப் பாக்கலையா?"

தொடவில்லை தாயே! படம் பார்த்தார்கள், பதிவேடு பார்த்தார்கள், கடிகாரம் பார்த்தார்கள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை!

எலும்பைக் கரைக்கும் அபூர்வ நோயாம். ஊசியும் மருந்தும் அரிப்பை நிறுத்திவிட்டன. மண்டை தப்பியது, உயிர் தப்பியது. போன தாடை போனதுதான். இனி அவள் ஒலிபெருக்கி முன் உட்கார முடியாது. "தண்ணி" என்று கேட்டால்கூட எனக்கு மட்டும்தான் புரிகிறது.

இதோ, தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்: "நன்றி கூறி முடிக்கவும்." முடிக்கிறேன் ஐயா. வயிறு எரிகிறது, அதனால் நீண்டுவிட்டது. அரிய நோயை அறியாதது குற்றமா? இல்லை. அறியாததை மெஷின் தலையில் கட்டியது குற்றமில்லையா? புது மெஷின் பளபளவென்று நிற்கிறது. நாளைக்கு அதுவும் யாருக்கோ எலும்பு இல்லை என்று காட்டும். அப்போது எதைக் குறை சொல்வீர்கள்?

என் நன்றி அந்த ஒரு விரலுக்கு. உங்களுக்கு வணக்கம் மட்டும்.