அந்த அறையில் இருந்தவர்கள்

என் பெயரும் விலாசமும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்து நான்கு. மின்வாகனங்களுக்கு பேட்டரி செய்யும் நிறுவனத்தில் பரிசோதனைப் பிரிவின் தலைவியாக இருந்தேன். அது மூடப்பட்ட பிறகு ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் பாடம் எடுத்து வருகிறேன். பங்கு மோசடி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டுள்ள அந்நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் என் உடன்பிறந்த அக்காவின் கணவர். அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். இன்று விசாரணை அதிகாரி அழைத்ததன் பேரில் ஆஜராகிச் சொல்வதாவது:

எங்கள் நிறுவனத்தின் பங்குகள் சந்தையில் விற்கப்பட்டு வந்தன. புதிய பேட்டரி வரப்போகிறது என்ற பேச்சிலேயே விலை ஏறிக்கொண்டிருந்தது. அந்த பேட்டரியைச் சூடான அறையில் வைத்து மின்னேற்றியபோது வீங்கித் தீப்பிடித்தது. வேறு வேறு பேட்டரிகளை வைத்து மறுபடியும் சோதித்தேன், எல்லாமே அப்படித்தான் ஆயின. அதற்கு அடுத்த நாள் மதியம் அத்தானின் அறைக்கு நேரில் போனேன். அன்று காலைதான் என் மகளுக்கு டான்சில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. என் கணவர் வெளிநாட்டில் வேலையில் இருந்ததால், "நீ போ, நான் இவளைப் பாத்துக்கிறேன்" என்று சொல்லி அக்கா மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டார். அதனால்தான் நான் வேலைக்கே வர முடிந்தது.

அறையில் அத்தானும் நானும் மட்டுமே இருந்தோம். பேட்டரியை இப்படியே வெளியே விட்டால் உயிர் போகும் என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "நீ சொன்னே, நான் கேட்டுக்கிட்டேன். சாயங்காலம் கூட்டம் இருக்கு, அது முடியட்டும்" என்றார். அதன் பிறகு நான் மருத்துவமனைக்குத் திரும்பினேன். மாலையில் முதலீட்டாளர் கூட்டம் நேரலையில் வந்தது. எல்லாப் பரிசோதனையிலும் பேட்டரி தேறிவிட்டதாக அத்தான் பேசினார். அக்கா கைப்பேசியை மகளின் தலையணையில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா பேசுறார்ல?" என்று என்னைக் கேட்டார்.

அதன் பிறகு பங்கு விலை ஏறியது, அத்தான் தன் தம்பி மூலமாகத் தன் பங்கில் பெரும்பகுதியை விற்றார். மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் பேட்டரி பொருத்திய வேன் ஒன்று சாலையில் எரிந்தது, அதை ஓட்டியவருக்கு இரண்டு கைகளும் போயின. பங்கை வாங்க ஆளில்லாமல் போயிற்று. எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் பலர் மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்ததை அதில்தான் போட்டிருந்தார்கள்.

வழக்குத் தொடுத்த பிறகு அரசு வழக்கறிஞர் என்னை அழைத்துப் பேசினார். முதலீட்டாளர்களுக்கு நஷ்டம் வந்தது குற்றமாகாது, கணிப்புத் தவறுவதும் குற்றமாகாது, பொய் என்று தெரிந்தே சொன்னதுதான் குற்றம் என்று விளக்கினார். பங்கை விற்றதற்குக் காகிதம் இருக்கிறது, தெரிந்திருந்தது என்பதற்கு நான் ஒருத்திதான் சாட்சி என்றார். உண்மையைச் சொன்னால் என்மேல் வழக்கு வராது என்று எழுதியும் கொடுத்தார்.

அதன் பிறகு அக்கா என் வீட்டுக்கு வந்தார். சமையலறையில் நின்று பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, "பொய் சொல்லச் சொல்லலடி. ஞாபகம் இல்லன்னு மட்டும் சொல்லிடு" என்றார். முடியாது என்று சொன்னேன். அவர் மீதிப் பாத்திரங்களையும் துடைத்து வைத்துவிட்டுத்தான் போனார்.

நீதிமன்றத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். குறுக்கு விசாரணையில் அத்தானின் வழக்கறிஞர், அத்தான் என் பிரிவை நம்பித்தான் பேசினார், நம்பிப் பேசுவது மோசடி ஆகாது என்றார். சிறைக்குப் பயந்து அரசுத் தரப்புக்குச் சாதகமாகப் பேசுகிறேன் என்றும், வசதியாக வாழும் அக்காமேல் எனக்குப் பொறாமை என்றும் சொன்னார். அன்று அத்தான் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று கேட்டார். ஞாபகம் இல்லை என்றேன். "சட்டை ஞாபகம் இல்லை, பேச்சு மட்டும் ஞாபகம் இருக்கு?" என்றார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

அதன் பிறகு எதிர்த்தரப்பின் சாட்சியாக அக்கா கூண்டில் ஏறினார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் அத்தானிடம் பேசிய அன்று மதியம் கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோனதாகவும், உள்ளறையில் உட்கார்ந்திருந்ததாகவும், பேட்டரி தேறிவிட்டது என்று நான் சொன்னதைத் தன் காதால் கேட்டதாகவும் சொன்னார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

அவர் சாட்சி சொல்லி முடித்த பிறகு நீதிமன்றப் படிக்கட்டில் அவரைப் பார்த்தேன். ஏன்க்கா என்று கேட்டேன். "நீ பாத்த வேலைக்கு நீ உண்மையா இருந்தே. நான் என் வீட்டைப் பாத்தேன்" என்றார். பிறகு என் மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று விசாரித்தார். அதன் பிறகு வழக்கறிஞர் கூப்பிட, போய்விட்டார்.

அக்காவின் சாட்சியம் பொய் என்று அரசுத் தரப்பு புகார் கொடுத்ததால் இந்த விசாரணை நடப்பதாக அதிகாரி சொன்னார். மருத்துவமனையின் பழைய பதிவுகள் அழிந்துவிட்டன, செவிலியர் யாருக்கும் நினைவில்லை, ஆகவே நான் சொல்வதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். நான் சொல்வது நின்றால் அத்தானுக்குத் தண்டனை உறுதியாகும், அக்காமேலும் தனி வழக்கு வரும் என்பதையும் எடுத்துச் சொன்னார். யோசிக்க நேரம் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நான் அத்தானிடம் பேசிய அன்று மதியம் என் அக்கா அந்த அறையில் இல்லை. நான் மருத்துவமனையை விட்டுப் போகும்போதும் திரும்பி வரும்போதும் என் மகளின் கட்டிலருகேதான் இருந்தார். இடையில் மகள் வாந்தி எடுத்ததால் அவர் புடவை நனைந்திருந்தது. வேறு புடவை இல்லாமல் அதையே அலசி, பிழிந்து கட்டியிருந்தார்.

யாரும் என்னை மிரட்டவோ ஆசைகாட்டவோ இல்லை. எழுதியதை அதிகாரி படித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது. சாட்சிக்கும் மேற்படி பெண்ணுக்கும் முன்விரோதம் உண்டா என்று கடைசியாகக் கேட்டார். எனக்கும் என் அக்காவுக்கும் எந்தக் காலத்திலும் எந்த விரோதமும் இருந்ததில்லை. இதுவும் உண்மை.

(ஒப்பம்)