நாற்பது காட்டிய முள்

விட்டுவிட்டு வரும் பழுதுதான் ஐயா, ஒரு மெக்கானிக்கின் பொறுமையைச் சோதிக்கும். ஒரேயடியாகச் செத்துப்போன ஸ்பீடோமீட்டரை அரை மணியில் சரிசெய்துவிடலாம். என் தம்பியின் பிக்கப் வண்டியிலோ முள் நன்றாக ஓடும், திடீரென்று கீழே விழும், மறுபடி எழுந்துகொள்ளும்.

"வேற யார்கிட்டயும் காட்ட மாட்டேண்ணே. நீ பாத்தாதான் எனக்குத் திருப்தி" என்றான். எந்த ரோட்டில் போகும்போது விழுகிறது என்று கேட்டேன். எல்லா இடத்திலும்தான் என்று மழுப்பினான்.

தார் ரோட்டில் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அடியில் படுத்துப் பார்த்தபோது, கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்குப் போகும் கேபிளில் செம்மண் அப்பியிருந்தது. எங்கள் ஊரில் செம்மண் பாதை ஒன்றுதான், செங்கல் சூளைக்குப் பின்னால். குலுங்கினால் பழுது தெரியும் என்று அங்கே ஓட்டினேன். முதல் பள்ளத்திலேயே முள் விழுந்தது. கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்று புரிந்தது.

பாதையின் கடைசியில் புதிதாக ஒரு பட்டறை இருந்தது. பலகையில் தம்பியின் பெயர் மட்டும். உள்ளே, எங்கள் பட்டறையில் காணாமல்போய், நாங்கள் இருவரும் சேர்ந்து தேடிய வெல்டிங் மெஷின். பதினைந்து வருடமாக என்னிடம் வரும் மூன்று பேருடைய வண்டிகள்.

அப்பா போனபோது அவனுக்கு ஏழு வயது. நமக்கென்று பிள்ளை வேண்டாம், இவன் போதும் என்று மனைவியிடம் சொன்னவன் நான்.

மதியம் சாப்பிடும்போது, "சூளைப் பக்கம் போனியாடா?" என்று கேட்டேன்.

"அங்க எனக்கென்னண்ணே வேலை?" தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் சரியான சக்கரத்தையே வாங்கியிருப்பேன். பதினாறு பல் இருக்க வேண்டிய இடத்தில் இருபது பல் சக்கரத்தைப் போட்டேன். பல் கூடினால் கேபிள் மெதுவாகச் சுற்றும். வண்டி ஐம்பதில் போனாலும் முள் நாற்பதுதான் காட்டும். ஓட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். முள் அதன்பிறகு ஒருமுறைகூட விழவில்லை.

மலைப்பாதையில் அவன் முள்ளைப் பார்த்துத்தான் இறங்குவான். பாரம் இருந்தால் வளைவில் நாற்பதைத் தாண்டமாட்டான். நான் பழக்கியது அது.

மலை மேலிருந்து ஒரு லேத் மெஷினை இறக்க வேண்டும், வாடகை லோடு என்று சொல்லிக் கிளம்பினான். யாருடைய பட்டறைக்கு என்று நான் கேட்கவில்லை. முன் சீட்டில் அவன் மனைவி, மடியில் குழந்தை. குழந்தையைப் பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். "பெரியப்பா, டாட்டா" என்றாள். நானும் கை காட்டினேன். அவளை இறங்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

திரும்பி வரும்போது மூன்றாவது வளைவில் வண்டி தடுப்பை உடைத்துக்கொண்டு போனது. தம்பியும் அவன் மனைவியும் அங்கேயே முடிந்தார்கள். குழந்தைக்குக் கை மட்டும் முறிந்தது.

பிரேக்கை நான் தொடவில்லை. அதில் உங்கள் ஆட்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். பல்சக்கரத்தை மாற்றியது நான்தான், தெரிந்தேதான் மாற்றினேன். எங்கே கையெழுத்து வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். குழந்தையை அநாதை விடுதிக்கு அனுப்பிவிடாதீர்கள், ஐயா. என் வீட்டில் விடுங்கள். பாவம், அவளுக்கு எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?