இரண்டு கணக்கும் ஒத்தால்தான் அறுப்பு

எங்கள் படகுப் பட்டறையின் அளவுகோலே, அன்பின் கோணமானியே! உங்களைவிட மூத்தவர்களும் அக்கா என்றே அழைத்துப் பழகிய எங்கள் தலைமை அளவரே! பணி நிறைவு பெறும் இந்த மாலையில் உங்களை வணங்கி இம்மடலை வாசிக்கிறோம்.

எஞ்சினிலிருந்து புரொப்பெல்லர் வரை சரிவாக இறங்கும் ஷாஃப்டின் நீளத்தைச் சொல்வது உங்கள் வேலை. நடுவில் தடுப்புப் பலகைகள் இருப்பதால் நாடாவை நேராகப் பிடிக்க முடியாது. மட்டத் தூரத்தை அளந்து, சரிவுக் கோணத்தின் கொசைனால் வகுப்பீர்கள். இன்னொருவர் தனியே அளந்து, இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் காண்பார். இரண்டும் ஒத்தால்தான் ஷாஃப்டுக்கான கம்பியை அறுக்கலாம். இது நீங்கள் வைத்த வழக்கம்.

உங்கள் கைப்பையில் சீப்பு இல்லாத நாள் உண்டு. சாக்பீஸ் இல்லாத நாள் இல்லை. அதிர்ந்து பேசாத அக்கா! நாடாவை யாராவது மிதித்தால் மட்டும் உங்கள் குரல் கப்பல் சங்காகிவிடும்.

சென்ற மீன்பிடிப் பருவத் தொடக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் படகுக்கு ஷாஃப்ட் கேட்டு வந்தார்கள். அந்தத் தடிமனில் இருந்தது ஒரே கம்பி. குறைத்து அறுத்தால் பருவம் முழுவதும் படகு கரையில்தான். அன்று உங்கள் கணக்கு மற்றதைவிட நான்கு விரல் குறைந்தது.

“அக்கா கணக்கு தப்புமா? அறுங்கப்பா!” என்றோம் நாங்கள்.

மற்றக் கணக்கைப் போட்டவர் எங்கள் கடைசல்காரர். எதற்கும் சரிங்க என்பதால் பட்டறையில் அவர் பெயரே ‘சரிங்க’. தம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “சரிங்கக்கா, உங்க கணக்கே இருக்கட்டும்.”

நீங்கள் போய் அறுப்பு இயந்திரத்தை நிறுத்தினீர்கள். “என்ன சரிங்க? தாளை எடுங்க.”

“எனக்குத்தான் தப்பியிருக்கும்கா.”

“அதை நான் பார்த்துட்டுச் சொல்றேன்.”

பார்த்தீர்கள். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “அட என் புத்தியே! வகுக்க வேண்டியதைப் பெருக்கி வச்சிருக்கேன். கர்ணம் அடிப்பக்கத்தைவிடக் குட்டையா வந்திருக்கு, ஒருத்தருக்கும் வாய் வரலையா?” பிறகு அந்த மனைவியிடம், “தப்பு என்னுது தங்கச்சி. உங்க கம்பி பிழைச்சது இவராலதான்” என்றீர்கள். எங்கள் கடைசல்காரர் தம் தாளில் இருந்த நீளத்தைக் கம்பியில் குறித்து அறுத்தார். படகு குறித்த நாளில் கடலுக்குப் போனது.

தம் தவறு பிடிபட்டதற்கு அவ்வளவு மகிழ்ந்த ஒருவரை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

அக்கா, காலையிலிருந்து உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறோம். இரண்டாம் மேடையில் நிற்கும் நீலப் படகுக்குக் கணக்குகள் ஒத்துவரவில்லை. அளந்த இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, மதியம்வரை ஒரே சண்டை. கம்பி அறுபடாமல் இருக்கிறது. விழா முடிந்ததும் மறுபடி அளப்போம்.

எழுந்திருக்காதீர்கள். நீங்கள் வர வேண்டாம். மாமாவோடு வீட்டுக்குப் போங்கள். நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழுங்கள். யார் கணக்குத் தப்பு என்பதை நாளை ஃபோனில் சொல்கிறோம்.

என்றும் அன்புடன்,
உங்களிடம் எதிர்க்கணக்குப் போடக் கற்ற
படகுப் பட்டறைப் பணியாளர்கள்